டிரைவரண்ணன் கண்ணும் வண்டிக் கேமராவும்

புது லாரி முதல் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிய அன்று, சேலம் தாண்டித் தொப்பூர் போய்ச் சேர்வதற்குள் என் போனுக்குப் பதினொரு மெசேஜ் வந்தன. பதினொன்றும் ஒரே சேதிதான்: டிரைவர் தூங்குகிறார். அப்போது மணி காலை பத்து. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த வாளியை அப்படியே போட்டுவிட்டு டிரைவரண்ணனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. அந்தக் கால் மணி நேரம் நான் பட்ட பாடு என் எதிரிக்குக்கூட வரக் கூடாது. அப்புறம் அவரே கூப்பிட்டார். வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிப்பதாகச் சொன்னார்.

“அம்மிணி, நா முழிச்சுத்தானுங்க இருக்கறேன். இதுதான் என்னைய நம்ப மாட்டீங்குது.”

இது என்று அவர் சொன்னது கேமராவை. ஸ்டியரிங்குக்கு எதிரே தீப்பெட்டி அளவில் உட்கார்ந்துகொண்டு டிரைவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். இமை இறங்கினால் முதலில் ஒரு கூவல். அப்புறம் ஒரு பெண்குரல் இந்தியில் ஏதோ சொல்லும். மீட்டர் பக்கத்தில் ஒரு காபிக் கோப்பைப் படம் எரியும். அதற்கும் மேலே போனால் எனக்கு ஒரு மெசேஜ், சேலத்தில் எங்களுக்கு லோடு கொடுக்கிற ஆபீசுக்கு ஒரு மெசேஜ். டிரைவரண்ணனுக்கு இந்தியும் வராது, காபியும் பிடிக்காது. இதில் எதைக் கேட்பது என்று என்னையே கேட்டார்.

அவருக்குப் பிறவியிலேயே இமை கனம். இரண்டு கண்ணும் பாதிதான் திறந்திருக்கும். லாரி ஸ்டாண்டில் அவரைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணப் போட்டோவில்கூடத் தாலி கட்டும்போது தூங்கிவிட்டார் என்று அவர் சம்சாரமே கேலி செய்வார். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் அந்தப் பாதிக் கண்ணை வைத்துக்கொண்டு முப்பது வருஷமாக லாரி ஓட்டியவர், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை.

கேமரா வைத்த வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவள் நான். அதையும் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் பட்டப்பகல் மூன்று மணிக்கு, நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் கொண்டுபோய் மோதி இறந்துபோனார். பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை, கண் அசந்திருப்பார் என்றார்கள். டிரைவரண்ணன் தன் பேத்திக்குக் காது குத்து என்று லீவில் இருந்தார், அதனால் வீட்டுக்காரரே லாரியை எடுத்துக்கொண்டு தனியாகப் போயிருந்தார். அதற்கப்புறம் எங்கள் ஒரே லாரியைக் கட்டி மேய்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. வயதில் மூத்தவர், நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அம்மிணி என்று கூப்பிடுகிறவர், அந்த டிரைவரண்ணன் மட்டும் கூட நிற்காவிட்டால் நான் என்றைக்கோ லாரியை விற்றுவிட்டு மாட்டோடு நின்றிருப்பேன்.

பழைய வண்டி தேய்ந்துபோய்ப் புதிது வாங்கப் போனபோது, ஷோரூமில் ஒரு பையன் நீளமாக ஒரு பட்டியலை ஒப்பித்தான். ஏசி என்றான், தானாக எரியும் லைட் என்றான், தானாக ஆடும் வைப்பர் என்றான். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. டிரைவர் தூங்கினால் எழுப்பும் கேமரா என்றதும் இதுதான் வேண்டும் என்றேன். டிரைவரண்ணன் பக்கத்திலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்திருப்பார்.

கேமராவாவது பரவாயில்லை, மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டு அவர் உயிரை வாங்கியது. கண்ணாடியில் புழுதி படிந்தால் மழை என்று நினைத்துக்கொண்டு வைப்பர் வறட்டு வறட்டென்று இழுக்கும். புளியமர நிழலுக்குள் நுழைந்தால் ஹெட்லைட் எரியும். எதிரே வருகிறவன் இவர் லைட் போட்டுக் காட்டுவதாக நினைத்து, முன்னால் போலீஸ் நிற்கிறது போல என்று அவசரமாகப் பெல்ட்டை மாட்டுவான். கோடு தாண்டினால் ஒரு கத்தல். எங்கள் ஊர் ரோட்டில் கோட்டுக்குள் போக முடியுமா? ஒரு பக்கம் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர், இன்னொரு பக்கம் காயப் போட்ட சோளம். ஒதுங்கினால் வண்டி கத்தும், ஒதுங்காவிட்டால் சோளக்காரர் கத்துவார். ஏசிக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் டயர் சத்தம் கேட்பதில்லை என்பதுதான் அவருடைய பெரிய குறை. டயர் சூடாகிறதா, காற்று இறங்குகிறதா என்பதையெல்லாம் காதால் கண்டுபிடிக்கிறவர் அவர். வண்டி ஓட்டுற மாதிரியே இல்லீங்க, மாமியாரப் பக்கத்துல உக்காத்தி வெச்சுட்டுப் போற மாதிரி இருக்குது என்பார்.

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். லோடு ஆபீசைத் தள்ள முடியாது. இரண்டாவது நடையும் முடிந்து வண்டி வந்ததும் அங்கிருந்து மேனேஜர் கூப்பிட்டார். தூங்குகிற டிரைவர் என்று ரிப்போர்ட் மலையாகக் குவிகிறது, இன்னொரு நடை இப்படி வந்தால் அந்த டிரைவரை எங்கள் லோடில் ஏற்ற முடியாது என்றார். அவர் கண்ணே அப்படித்தான் என்று நான் விளக்கினேன். இருக்கலாம் மேடம், ஆனால் எங்களுக்கு வருவது ரிப்போர்ட்தானே என்றார். அந்த ஆபீஸ் அவரை ஒதுக்கிவைத்தால் மற்ற ஆபீசுகளும் ஒதுக்கிவைக்கும். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதர் சீட்டை விட்டு இறங்கி எங்கே போவார்?

சரி, என் கண்ணாலேயே பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் நானும் வண்டியில் ஏறினேன். நாமகிரிப்பேட்டையிலிருந்து ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலைக்கு லோடு ஏற்றப் போகிற ஓட்டம். வழியெல்லாம் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். பாவம், புருவத்தை நெற்றிக்குமேல் தூக்கி, மோவாயை நிமிர்த்தி, கண்ணைத் திறந்து காட்டிக்கொண்டே ஓட்டினார். நெற்றியெல்லாம் மடிப்பு. கழுத்து வலிக்குமே என்று நினைத்தேன். தூரத்தில் ஒரு நாய் குறுக்கே வருவதை நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். அந்த நொடியில் கேமரா கூவியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் முந்தானையால் அதன் மூஞ்சியை மூடினேன். அதற்கு ஒரு புதுக் கூவல் வைத்திருந்தது. கேமரா மறைக்கப்பட்டது என்று எனக்கே மெசேஜ் அனுப்பியது.

ஷோரூமுக்குப் போய்ச் சண்டை போட்டேன். லேப்டாப்பை மாட்டிப் பார்த்த பையன், கேமராவில் கோளாறு எதுவும் இல்லை, இமை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைத்தான் அது பார்க்கும், மாற்ற வழியில்லை என்றான்.

“மத்த டிரைவருக்கெல்லாம் இப்படி வரலியே மேடம். டிரைவரை மாத்திப் பாருங்களேன்.”

உங்க மெஷினுக்குத் தகுந்த மூஞ்சியாப் பாத்து நான் எங்க தம்பி போய்த் தேடறது என்று கேட்டுவிட்டு வந்தேன். கேட்டு என்ன, ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது நடை புனேவுக்கு. ஸ்டார்ச் மூட்டை. காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு மெசேஜும் இல்லை. தொப்பூர் தாண்டியும் இல்லை, ஓசூர் தாண்டியும் இல்லை. போய்த் திரும்பி வரும் வரைக்கும் ஒன்றுகூட வரவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். வண்டி வந்து நின்றதும் வாசலுக்கு ஓடினேன். டிரைவரண்ணன் இறங்கினார். இரண்டு இமையையும் மேலே இழுத்து, புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியால் புருவத்தோடு சேர்த்து ஒட்டியிருந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து தண்ணீர் கொட்டியது. போய் வந்த அத்தனை தூரமும் அப்படியேதான் ஓட்டியிருக்கிறார்.

உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்குது என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதும்விட்டேன். அவர் பிளாஸ்திரியை மெதுவாக உரித்தார். அதோடு நாலைந்து புருவமுடியும் வந்தது. கூவல் இல்லாம நிம்மதியா இருந்துச்சுங்க அம்மிணி என்றார்.

சேலத்தில் கண் டாக்டரைப் பார்க்கலாம் என்று சொன்னது அவர்தான். இமையைத் தூக்கிக் கட்டுகிற ஆபரேஷன் இருக்கிறதாம், யாரோ டிரைவர் சொல்லியிருக்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் ரோட்டைக் காட்டிய கண்ணை ஒரு தீப்பெட்டிக்காக அறுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மூன்று நடையிலும் எனக்குள்ளே ஒரு ஓரத்தில், ஒருவேளை நிஜமாகவே கண் அசருகிறாரோ என்று இருந்தது. வீட்டுக்காரரை அப்படிப் பறிகொடுத்தவளுக்கு அந்த நினைப்பு வராமல் இருக்குமா? கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, இதைச் சின்ன வயதிலேயே செய்திருக்கலாமே என்றார். தூங்கும்போது இமை முழுசாக மூடாது, கொஞ்சம் திறந்தபடிதான் இருக்கும், படுக்கும் முன் களிம்பு போட வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம்.

ஆபரேஷன் முடிந்து வீக்கமெல்லாம் வற்றியபிறகு பார்த்தால் ஆளே மாறியிருந்தார். எதையோ பார்த்துத் திடுக்கிட்ட மாதிரி இரண்டு கண்ணும் அகலமாகத் திறந்திருந்தன. லாரி ஸ்டாண்டில் தூங்குமூஞ்சி என்ற பேர் போய் முழியன் என்று பேர் வந்துவிட்டது. உறங்கும்போதும் கண் பாதி திறந்தே கிடக்கிறது, பேத்தி பார்த்துப் பயந்து அலறிவிட்டாள் என்று அவர் சம்சாரம் போனில் சொல்லிச் சிரித்தார். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். கேமரா வாயைத் திறக்கவில்லை. நடைக்கு நடை சுத்தமான ரிப்போர்ட். லோடு ஆபீஸ் மேனேஜரே கூப்பிட்டு இப்பதான் மேடம் டிரைவர் மாதிரி டிரைவர் என்றார். அதே டிரைவர்தாங்க என்றேன்.

நாலு மாதம் இப்படிப் போனது. போன மாதம் ஒருநாள் சாயங்காலம் புனே நடை முடிந்து வண்டி வந்தது. எப்போதும் வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுப் பக்கம் வருவார். அன்றைக்கு நேராக வந்தார். டீ போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சாவியை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“நேத்து மத்தியானம் சித்ரதுர்கா தாண்டி நா தூங்கிப் போட்டனுங்க அம்மிணி.”

ஒரு மைல் தூரம் அப்படியே போயிருப்பேன் என்றார். தலையெல்லாம் சாயவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்தபடியேதான் இருந்திருக்கிறார். இடது சக்கரம் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கிய அதிர்ச்சியில்தான் விழிப்பு வந்ததாம். முன்னால் ஒரு டிராக்டர், அதன்மேல் பத்துப் பெண்கள், களை எடுக்கப் போகிறவர்கள். ஒடித்துத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் புளியமரத்தடியில் வாந்தி எடுத்தாராம்.

கேமரா கூவலையா என்று கேட்டேன்.

“கண்ணு தொறந்து இருக்குதல்லங்க. அதுக்கு எப்படிங்க தெரியும்?” தன் இமையைத் தொட்டுக் காட்டினார். “முன்னயெல்லாம் தூக்கம் வர்றதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சுருங்க. இமை இன்னுங் கொஞ்சம் கனக்கும். கனத்துச்சுன்னா வண்டிய நிறுத்திப் போட்டுப் படுத்துக்குவேன். முப்பது வருசமும் அப்படித்தான் ஓட்டுனேன். இப்பக் கனக்கறதே இல்லீங்க அம்மிணி.”

அந்தக் கனத்தை டாக்டரிடம் கூட்டிக்கொண்டுபோய் எடுத்துப் போட்டவள் நான்தானே. மத்தியானம் மட்டும் ஓட்ட வேண்டாம், காலையில் ஓட்டுங்கள், துணைக்கு ஒரு டிரைவர் போடுகிறேன் என்று ஏதேதோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தூக்கம் மணி பார்த்தா வருதுங்க என்று மட்டும் கேட்டார். நீட்டிய கையை மடக்கவில்லை.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. போனை எடுத்துப் பார்த்தேன். அந்த நடைக்கு ரிப்போர்ட் வந்திருந்தது. கவனம் முழு மதிப்பெண், தூக்கம் ஒருமுறைகூட இல்லை. என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. இந்த மாதிரி வந்து நின்று சாவியை நீட்ட அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கவில்லையே என்று இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன். டிரைவரண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாரேனுங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனார்.

இரண்டு நாள் கழித்து லோடு ஆபீஸ் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல குரலில் பேசினார். ஸ்டார்ச் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் எங்கள் வண்டி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த லோடுக்கும் அந்த டிரைவரையே அனுப்பச் சொல்கிறார்களாம். அவர் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டார் என்றேன். மேனேஜருக்கு வருத்தம். எதற்காக விட்டீர்கள், என்ன ஆனாலும் பிடித்து வைத்திருக்க வேண்டாமா என்று என்னைக் கடிந்துகொண்டார்.

“இந்த மாதிரி ஒரு டிரைவர் இனிமே உங்களுக்குக் கெடைக்க மாட்டாரு மேடம்.”

“கெடைக்க மாட்டாருங்க” என்றேன்.