மனுவில் விட்டுப்போன பெயர்

திருப்புவனத்துப் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்த ராக்கம்மாள் அதுவரை போலீஸ் ஸ்டேஷன் படி மிதித்ததில்லை. சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளர் தவசிலிங்கம் தெருவுக்குள் வந்தபோது, நாலு பெண்களோடு அவளும் ஆரத்தி எடுத்தாள். தட்டில் இருநூறு ரூபாய் விழுந்தது. பறக்கும் படை ஜீப்பைக் கண்டதும் மற்றவர்கள் வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள். மூட்டுவலிக்காரி இவள் மட்டும் அகப்பட்டாள். ஓட்டுக்குப் பணம் கொடுத்ததாகத் தவசிலிங்கம் மேலும் அவருடைய ஆட்கள் இருவர் மேலும் வழக்கு. வாங்கியதாக இவள் மேல்.

தேர்தலில் தவசிலிங்கம் தோற்றார். வழக்கை அவளும் மறந்துபோனாள். இரண்டு வருஷம் கழித்து, பினாங்கில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகலாமென்று பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாள். வழக்கு இருக்கிறது என்று நிறுத்திவிட்டார்கள்.

தவசிலிங்கத்திடம் போய் நின்றாள்.

"அந்தக் கேஸை ஹைகோர்ட்டுல ரத்து பண்ணியாச்சேக்கா, தெரியாதா?"

"அப்ப என்னுது?"

அவர் தலையைச் சொறிந்தார். "மனுவுல எங்க மூணு பேரு பேரத்தான் போட்டோம். ஒன் பேரு விட்டுப்போச்சு."

"தட்டுல காசு போடும்போது மட்டும் எம்மொகம் தெரிஞ்சுச்சாக்கும்!"

கடைக்குச் சாப்பிட வரும் வக்கீல் ஜெயராக்கினிதான் அவளுக்காக மதுரை ஹைகோர்ட்டில் தனி மனு போட்டாள். விசாரணை நாளில், வரவேண்டாம் என்று சொல்லியும் ராக்கம்மாள் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். என்ன கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவது என்றிருந்தாள். காசு வாங்கியது நிஜம். ஓட்டுப் போட்டது எதிராளிக்கு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

யாரும் கேட்கவில்லை. ஐந்தே நிமிஷம். ஜெயராக்கினி சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"முடிஞ்சதுக்கா. இந்த மாதிரிக் கேஸுக்கு மாஜிஸ்திரேட்கிட்ட அனுமதி வாங்கணும். போலீஸ் வாங்கல. அதனால செல்லாது."

"நான் காசு வாங்குனேனா இல்லையான்னு ஒரு வார்த்தை கேக்கலையே, தாயி?"

"கேட்டா நமக்குத்தானே வம்பு?"

கோர்ட்டுக்குப் பக்கத்து ஒத்தக்கடையில் ராக்கம்மாள் பஸ் ஏறினாள். சந்தோஷம்தான்; ஆனாலும் சொல்ல வைத்திருந்தது சொல்லாமலே மிச்சமிருந்தது.

பாஸ்போர்ட் கைக்கு வந்து பினாங்கு போய்ச் சேர்ந்தபோது பேத்திக்கு ஏழு மாசம். மகள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"கடைசில நீ தப்புப் பண்ணலைன்னு சொல்லிட்டாங்களாம்மா?"

"கேஸு செல்லாதுன்னாக" என்றாள் ராக்கம்மாள். பேத்தியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஓட்டு யாருக்குப் போட்டேன் தெரியுமாடி?" என்று ஆரம்பித்தாள்.