கறுப்பதற்கு முன் இறக்கிய ஷீட்டோ

1. மூடி தெறித்த ஞாயிற்றுக்கிழமை

ஊறுகாய் ஃபாக்டரி ஒன்றில் குவாலிட்டி சூப்பர்வைசராக இருபத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டிலேயே தொக்கு, பொடி செய்து விற்கத் தொடங்கும் பெண்கள் என்னிடம் லேபிள் பற்றியும் லைசென்ஸ் பற்றியும் கேட்பார்கள். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தரலாம். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு பேட்சைப் பற்றி. அதைக் கெடுத்தவள் நான்.

எண்பதுகளின் நடுவில், கச்சா எண்ணெய் விலை விழுந்து ஹூஸ்டனே ஆடிப்போயிருந்த சமயம். எங்கள் அபார்ட்மென்டில் எதிர்வீட்டுக்காரி அகோசுவா. கானா நாட்டுக்காரி, என் வயதுதான். ஒரு ஞாயிறு மதியம் அவளுடைய சர்ச்சிலிருந்து எனக்குப் போன் செய்தாள். நாங்கள் இங்கிலீஷில்தான் பேசுவோம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"சிஸ்டர், பாட்டில் மூடியெல்லாம் உப்பிப் போயிருக்கு. ரெண்டு தெறிச்சே போச்சு. நான் பாக்கறதுக்குள்ள நிறைய பேர் சாப்பிட்டுட்டாங்க."

என்ன ஆகியிருக்கும் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

2. ஷீட்டோ

ஷீட்டோ என்பது அவர்கள் ஊர் மிளகாய்த் தொக்கு. வெங்காயம், இஞ்சி, பூண்டை அரைத்து, மூழ்குமளவு எண்ணெயில் வதக்கி, தக்காளி விழுது, மிளகாய்ப்பொடி, கருவாட்டுப்பொடி, உலர்ந்த இறால் பொடி எல்லாம் சேர்த்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பாகத் தொடங்குவது கடைசியில் கறுப்பாகிவிடும். அப்படிச் செய்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் நிற்கும்.

அகோசுவா நர்சிங் ஹோமில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தூக்கிப் புரட்டும் வேலையில் இருந்தாள். அவள் இடுப்பு போய்விட்டது. காலையில் கட்டிலை விட்டு எழுவதற்கே கால் மணி நேரம் ஆகும். சர்ச் கிச்சனில் லைசென்ஸோடு ஷீட்டோ செய்து கடைகளுக்குப் போடுவது ஒன்றுதான் அந்த வேலையிலிருந்து தப்ப அவளுக்கு இருந்த வழி. அப்ளை பண்ணியிருந்தாள். அந்த ஞாயிறு சாப்பாட்டில் எல்லோரும் ருசி பார்த்த பிறகு கிச்சனைத் தருவதாக சர்ச்சில் சொல்லியிருந்தார்கள்.

நான் திருவல்லிக்கேணியில் சைவச் சமையலில் வளர்ந்தவள். சாமிக்குப் படைப்பதற்கு முன் நாக்கில் வைக்கக் கூடாது என்று பழகியதால், உப்பு உறைப்பைக்கூட வாசனையிலேயே சொல்லிவிடுவேன். அதில் எனக்கு ரொம்பவே கர்வம் உண்டு. பகலில் அகோசுவாவுக்கு உதவியாக ஷீட்டோ கிளறப் போவேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு கருவாட்டுப்பொடி கிளறும் என்னைப் பார்த்து அகோசுவா விழுந்து விழுந்து சிரிப்பாள். அமெரிக்கா வந்து நாலு வருடத்தில் நான் மனதார இருந்த இடம் அவள் அடுப்படிதான்.

3. எண்ணெய் பிரிந்தது

அந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை அவளுக்கு டபுள் ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். சர்ச் சாப்பாட்டுக்கான ஷீட்டோவை என் பொறுப்பில் விட்டு, வீட்டுச் சாவியைத் தந்து சொன்னாள்: "கறுப்பாகணும். சத்தம் அடங்கணும். எண்ணெயைப் பாக்காதே, சத்தத்தைக் கேளு. பொடப்பொடன்னு கேக்கற வரைக்கும் உள்ள தண்ணி இருக்குன்னு அர்த்தம்."

எனக்கா சொல்லித் தருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாகத் தக்காளித் தொக்கு கிளறியவள் நான். எங்கள் கணக்கு ஒன்றே ஒன்று: எண்ணெய் பிரிந்து மேலே வந்தால் தொக்கு ஆயிற்று, இறக்கிவிடலாம்.

நாலரை மணிக்கு எண்ணெய் பிரிந்து பளபளவென்று நின்றது. அடியில் விழுது கருஞ்சிவப்பாக இருந்தது. பொடப்பொட சத்தமும் இருந்தது. ஐந்தரைக்கு என் கணவர் ஸ்ரீதர் வந்துவிடுவார். அதற்குள் தலைக்குக் குளித்துக் கருவாட்டு வாசனையைப் போக்கியாக வேண்டும். அடுப்பை அணைத்தேன். சூடு ஆறியதும் பாட்டிலில் நிரப்பி, மேலே எண்ணெய் விட்டு மூடி, அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்தேன். ஷீட்டோவில் எண்ணெய் முதலிலிருந்தே அத்தனை இருக்கிறது, அது பிரிவதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் காலை அகோசுவா கேட்டாள்: "சத்தம் அடங்கிச்சா சிஸ்டர்?"

"அடங்கிடுச்சு" என்றேன். அவளும் நம்பினாள். நான் ருசி பார்க்க மாட்டேன், அவளோ நம்பிவிட்டாள், ஆக ஒருவர் நாக்கிலும் படாமல் முப்பது பாட்டில் சர்ச்சுக்குப் போனது. இரண்டு நாள் டெக்ஸஸ் வெயிலில் அவளுடைய கார் டிக்கியில் இருந்தது.

4. அதிகாரி

சர்ச்சில் பலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாலு நாள் கழித்துத்தான் அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை சுகாதார அதிகாரி அகோசுவா வீட்டுக்கு வந்தார். அவள் என்னையும் கூப்பிட்டாள்.

நடந்ததை அதற்குள் ஸ்ரீதரிடம் சொல்லியிருந்தேன். கிளம்பும்போது அவர் வழியை மறித்தார். "சாரு, நீ வாயே தொறக்கக் கூடாது. டிபென்டென்ட் விசால வேலை செய்யக் கூடாது. செஞ்சேன்னு தெரிஞ்சா கிரீன் கார்டு ஃபைல் அவ்ளோதான். ஆபீஸ்ல பாதி பேர ஏற்கெனவே லே ஆஃப் பண்ணிட்டான். மூட்டை கட்டிட்டு ஊருக்குத்தான் போகணும்."

அதிகாரி ஒரு பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தபடி கேட்டார்: "இந்த பேட்ச் யார் செஞ்சது?"

அகோசுவா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும், அந்த நேரம் எனக்கு இன்றுவரை முடியவில்லை.

"நான்தான்" என்றாள் அவள்.

"எவ்வளவு நேரம் அடுப்பில இருந்தது?"

"சத்தம் அடங்கற வரைக்கும். எப்பவும் அப்படித்தான் செய்வேன்."

அவர் பேனாவை மூடினார். "மேடம், இதுல தண்ணி நிக்குது. எப்பவும் இப்படித்தான் செய்வீங்கன்னா, இதுவரைக்கும் நீங்க செஞ்ச எதையுமே நான் நம்ப முடியாது."

அந்த ஒரு நாள், அந்த ஒரு பேட்ச், அது நான் அவசரப்பட்டு இறக்கியது என்று சொல்லியிருந்தால் அவள் பிழைப்பு தப்பியிருக்கும். சொல்லாததால், அவள் வாழ்நாளில் கிளறிய அத்தனை ஷீட்டோவும் அன்று சந்தேகத்துக்கு ஆளானது. லைசென்ஸ் கிடைக்கவில்லை. சர்ச்சில் அவள் கொண்டுவரும் சாப்பாட்டை யாரும் தொடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நர்சிங் ஹோமுக்கே போய்வந்தாள். படியில் அவள் காலடி கேட்டால் நான் கதவுக்குப் பின்னால் நின்றுவிடுவேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

5. கற்றுக்கொண்டது

இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டைக் காலி செய்தாள். டாலஸ் பக்கம் வேறொரு நர்சிங் ஹோம். சாமான்களை ஏற்றிவிட்டு என் கதவைத் தட்டினாள்.

"சர்ச்சுல பாட்டிலோட கலரைப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு சிஸ்டர். உன் கிரீன் கார்டு ஃபைல் போயிடக் கூடாதுன்னுதான் நான்னு சொன்னேன். அதிகாரிகிட்ட நீ சொல்லாட்டி பரவாயில்லை. எங்கிட்டயாவது வந்து சொல்லுவேன்னு இருந்தேன். ரெண்டு மாசம். எதிர்வீடுதானே?"

நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. அழுதேன். அவள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள்.

கிரீன் கார்டு வந்தது. அதை வைத்துத்தான் ஃபாக்டரி வேலையும் கிடைத்தது. ஒவ்வொரு பேட்சுக்கும் எழுதி வைக்கும் பேட்ச் ஷீட்டில் அடுப்பை அணைத்தவர் தன் கையால் தன் பெயரை எழுத வேண்டும் என்று இருபத்தோரு வருடம் அடம்பிடித்தேன். எழுதத் தயங்கியவர்களைத் திட்டியிருக்கிறேன். அவர்களுக்கு நான் கண்டிப்பான மேடம். அகோசுவாவைத் தேடி டாலஸ் பக்கம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, நான் போகவில்லை.

தப்பான பேட்சைக் கொட்டிவிட்டு வேறு கிளறலாம். யார் செய்தது என்று கேட்கும்போது பேசிவிடுங்கள். பிறகு பேசினால் கேட்க ஆள் இருக்காது.