கையில் ஏறிய விமானம்

கொல்லிமலையில் தேவனூர் நாட்டுச் சென்றாயன் பர்மாச் சண்டையில் யாரையும் சுடவில்லை. பென்ட்லி துரை ஓட்டிய சண்டை விமானத்தின் இறக்கைகளில் தோட்டாச் சரங்களை அடுக்குவது அவன் வேலை.

துரைக்குச் சின்ன வயது. முதல் ஜப்பான் விமானத்தை வீழ்த்திவிட்டு வந்த அன்று இறக்கைமேல் ஏறி ஆடினார். அப்புறம் பதக்கம் வந்தது. ஐந்தாவது விழுந்ததும் பத்திரிகையில் படம் வந்தது. பதவி உயர்ந்தது, சாப்பாடு குறைந்தது. தரையிறங்கிய பிறகும் எழுந்திருக்கமாட்டார். சென்றாயன்தான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவான்.

படம் வந்த வாரம் துரை தன் ஆட்களைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய், ஆளுக்கொரு விமானம் பச்சை குத்தவைத்தார். கொல்லிமலைக்காரன் உடம்பில் பச்சை ஏறக்கூடாது. ஏறினால் வீட்டுக்குள் விடமாட்டார்கள். அதைத் துரைக்குச் சொல்லச் சென்றாயனுக்குப் பாஷை போதவில்லை. ஊர் திரும்புவோம் என்ற நினைப்பும் அன்று இல்லை. கையை நீட்டினான்.

பிறகு ஒருநாள் துரையின் விமானம் இறங்கும்போதே எரிந்தது. அப்போதும் சென்றாயன்தான் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்தான். உயிர் இல்லை.

சண்டை முடிந்து மலையேறி வந்தவன் சட்டைக்கையை மடித்து முகம் கழுவினான். மனைவி கண்ணாயி பார்த்துவிட்டாள். வாசலில் குறுக்கே நின்றுகொண்டு ஊர்க்கவுண்டர் சின்னுசாமிக்கு ஆள் அனுப்பினாள்.

"என்ன சாமி இது, கொக்கா?" என்றார் கவுண்டர்.

"ஏரோப்ளேனுங்க."

"என்ன எழவோ. கரண்டியக் காய்ச்சி ஒரு இழுப்பு இழுத்தாத் தோலோட போயிரும். அப்பறம் ஊடு உன்னுது."

கரண்டி சிவந்தது. கண்ணாயி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "கண்ண மூடிக்குங்க. செத்த நேரந்தான்."

கரண்டி நெருங்கியதும் கைமயிர் பொசுங்கி நாறியது. சென்றாயன் கையை உருவிக்கொண்டான்.

"தொரை மேல அம்புட்டுப் பாசமா?" என்றார் கவுண்டர்.

"பாசமெல்லாம் இல்லீங்க. இந்த வாசம் எனக்குப் போதுமுங்க."

சென்றாயன் எழுந்தான். சாமைக் காட்டில் பன்றிக் காவலுக்குப் போட்டிருந்த குடிசையில் போய்ப் படுத்தான்.

கண்ணாயி தினமும் சோறு கொண்டுவந்து எட்ட வைப்பாள். "கரண்டி அங்கியேதான் கெடக்குது" என்பாள். அவன் தலையாட்டுவான். அறுவடை முடிந்தது. பன்றி வர ஒன்றுமில்லை. அவன் மட்டும் அங்கேயே இருந்தான்.

ஒருநாள், "என்ன வாசமுங்க அது?" என்று கேட்டாள். எரிந்த துரையை இழுத்ததைச் சொன்னான். கையோடு என்ன வந்தது என்பதையும் சொன்னான். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வீட்டு வாசலில் கதவாக இருந்த மூங்கில் படலைப் பெயர்த்துத் தலையில் சுமந்து வந்தாள். பின்னாலேயே கவுண்டர்.

"இங்க குடியிருந்தா உன்னையும் ஊட்டுக்குள்ள சேக்கமாட்டம் புள்ள."

"உள்ளதான் யாருமில்லீங்களே" என்றாள். சென்றாயன் பக்கம் திரும்பி, "ஏனுங்க, பாத்துட்டே நிக்கிறீங்க? எறக்குங்க, கழுத்து ஒடியுது."

இறக்கிக் குடிசை வாசலில் கட்டினான்.

"கோணலா இருக்குது."

"இருக்கட்டும்" என்றான்.

இருவரும் உள்ளே போய்ப் படுத்தார்கள்.