பட்டிக்காரர் வீட்டு ஜன்னல்

எங்கள் தெருவில் அவரைப் பட்டிக்காரர் என்றுதான் சொல்வோம். பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் விரிசலையும் பள்ளத்தையும் பட்டி வைத்து நிரவுவதில் அவருக்கு இருந்த பொறுமையை வேறு ஆளிடம் நான் பார்த்ததில்லை. வேலைக்குப் போகும் வீட்டில் முதல் காரியமாக, ஜன்னல் சட்டத்தின் கீழ்க்கட்டையில் பட்டித் தகட்டின் முனையை வைத்து அழுத்துவார். தகடு வழுக்கினால் வேலையைத் தொடங்குவார். மரம் மக்கிப்போய் உள்ளே இறங்கினால், "இதுக்கு நான் பெயிண்ட் அடிச்சா பொணத்துக்குப் பவுடர் போட்ட கதைதான். தச்சரைக் கூப்பிடுங்க" என்று டப்பாவை மூடிவிடுவார்.

தன் வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் மட்டும் அவர் தகட்டை வைத்ததில்லை. மழை நேராக வந்து அறையும் பக்கம் அது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ஒரு பூச்சு ஏற்றுவார். கீல்களில் திருகாணி பிடிக்காமல் போனபோது ஓட்டையில் தீக்குச்சியும் பசையும் திணித்தார். அதுவும் நிற்கவில்லை. கதவு யார் தலையிலாவது விழுந்து தொலைக்கப் போகிறது என்று ஆணி அடித்து மூடிவிட்டு, ஆணியின் மேலும் பெயிண்ட் அடித்தார். தெருவிலிருந்து பார்த்தால் புது ஜன்னல்.

உள்ளே அவர் மனைவிக்கு இளைப்பு. அந்த அறைக்கு வேறு ஜன்னல் கிடையாது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று, வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தார் அந்த அம்மா. மகள் வரும்போதெல்லாம் ஜன்னலை மாற்றச் சொல்வாள். சுவரை இடிக்கணும், தூசி கிளம்பும், அம்மாவுக்கு ஆகாது என்பார் இவர். பொய்யில்லை. நாளெல்லாம் ஊரார் வீட்டு ஏணியில் நின்றுவிட்டு வருகிறவருக்குத் தன் வீட்டை இடிக்கத் தெம்பில்லை என்பதும் பக்கத்து வீட்டுக்காரனான எனக்குத் தெரியும்.

ஒரு காலையில் மகள் ஆட்டோவோடு வந்தாள். அம்மா துணிப்பையைக் கட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் மகளுக்குப் பொறுக்கவில்லை, அப்பாவிடம் திரும்பினாள்.

"அந்தச் சுவத்துல காத்து வர்ற மாதிரி ஒரு படம் வரைஞ்சுடுங்கப்பா. வேலை முடிஞ்சுது."

மனைவி அவளை அடக்கினார். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் புருஷனைப் பார்த்தார்.

"நான் கோவிச்சுக்கிட்டுப் போகலைங்க. காத்து இருக்கிற இடத்துக்குப் போறேன்."

ஆட்டோ போனதும் பட்டிக்காரர் என்னை உள்ளே கூப்பிட்டார். துணைக்குத்தான் போலிருக்கிறது. தகட்டை எடுத்துக் கீழ்க்கட்டையில் வைத்தார். அழுத்தக்கூட இல்லை, பிடி வரைக்கும் இறங்கிவிட்டது.

"மரம்னு ஒண்ணுமே இல்ல. எல்லாம் என் பட்டிதான்" என்றார். கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தபடியே தச்சருக்கு ஃபோன் போட்டார்.

தச்சர் கடப்பாரையை நுழைத்ததுமே சட்டம் ரொட்டி மாதிரி உதிர்ந்தது. மழை அடிக்கிற பக்கம் மறுபடி மரம் வேண்டாம், அலுமினியம் போட்டுவிடலாம் என்றார். பட்டிக்காரர் சரியென்று தலையாட்டினார்.

வேலை முடிந்து, அறையைத் தானே கழுவித் துடைத்துவிட்டு, மகள் வீட்டிலிருந்த மனைவியை ஃபோனில் கூப்பிட்டார். ஒரு விரலால் தள்ளினாலே ஜன்னல் கதவு ஓடுகிறது என்று சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து, பெயிண்ட் வாசனை அடங்கட்டும், அப்புறம் வருகிறேன் என்று பதில் வந்திருக்க வேண்டும்.

"இதுக்குப் பெயிண்டே கிடையாதும்மா" என்றார் இவர், களைத்த குரலில். "நான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. நீ வா."