விற்கக் கழுவிய எஞ்சின்

சனிக்கிழமை காலை. முற்றத்து வேம்பின் கீழ் நின்ற காரின் பொனற்றைத் தூக்கித் தடியால் முட்டுக் கொடுத்துவிட்டு, சுகந்தினி எஞ்சினைத் துப்புரவாக்கிக் கொண்டிருந்தாள். யோகட் கோப்பையில் மண்ணெண்ணெய், தேய்ந்துபோன பல் பிறஷ் ஒன்று, கொஞ்சம் தென்னம் ஈர்க்கு, கணவன் கட்டிக் கிழித்த சாரத்தின் துண்டுகள். இவ்வளவுதான் சாமான்.

எண்ணெயும் விசுவமடுப் புழுதியும் சேர்ந்து இறுகி, தோசைக்கல்லின் அடிப்பக்கம்போல எஞ்சினை மூடிக் கிடந்தன. அவள் கண்ட இடமெல்லாம் தேய்க்கவில்லை. மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் எடுத்தாள். மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு, ஈர்க்கால் சுரண்டி, பிறஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தாள். இரும்பின் நிறம் தெரிந்த பிறகுதான் அடுத்த இடம்.

அது முகமாலையில் பழகிய கை. மீளக்குடியேறி வந்த பிறகு பல வருடம் அவள் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போனவள். முன்னால் இருக்கிற ஒரு முழ நிலத்தைக் கிளறி, அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகே முழங்காலை நகர்த்தலாம். பிறகு அங்கே அம்புலன்ஸ் ஓட்ட ஆள் தேவைப்பட்டபோது, பெண்களில் முதலில் கையைத் தூக்கியவளும் இவள்தான். வேலை முடிந்தபோது கிடைத்த காசில், வாடகைக்கு ஓடலாம் என்று வாங்கியது இந்தப் பழைய கார்.

“என்ன, இதுக்குள்ளயும் மிதிவெடி கிடக்கோ?” என்று கேட்டபடி கணவன் ஜனகன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றான்.

“கிடந்தா உங்களைத்தான் முதல் மிதிக்கச் சொல்லுவன். தள்ளி நில்லுங்கோ, வெளிச்சத்தை மறைக்கிறியள்.”

அவன் சிரித்துக்கொண்டு தள்ளி நின்றான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்தத் துப்புரவு எதற்கு என்பது இருவருக்கும் தெரியும். நாளைக்கு, விலைக்கு வாங்க ஆள் வந்து காரைப் பார்க்கப் போகிறது.

ஆளைப் பிடித்தவர் ஜனகனின் அக்கா புருசன் சின்னராசா. கார் எண்ணெய் ஒழுக்குகிறது, நின்ற இடத்து மண் எல்லாம் கறுப்பு என்று கேள்விப்பட்டதும் வவுனியாவில் இருந்து போன் எடுத்தார். “எஞ்சின் இறக்கிற நிலைமைக்கு வர முன்னம் தள்ளிவிடு. பொம்பிளை ஓடுற காரில ஆரடா ஏறப் போகினம்? கழுவி மினுக்கி வை, மற்றதை நான் பாக்கிறன்.” ஜனகன் ஓம் என்று சொல்லிவிட்டான். அத்தானுக்கு இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. போர் முடிந்து முகாமில் இருந்து வெளியே விட்டு, பற்றை மூடிய இந்தக் காணியில் வந்து நின்ற அன்று, தன் சைக்கிளில் தறப்பாளும் மரக்கம்பும் கட்டிக்கொண்டு வந்து கொட்டில் போட்டுக் கொடுத்த மனிதர் அவர்.

சுகந்தினியும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அவள் தேய்த்தது மினுக்குவதற்காக அல்ல. பரந்தனில் ஒரு கராஜ்காரன் பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, “இந்த ஊத்தைக்குள்ள எங்க கசியுதெண்டு ஆருக்கக்கா தெரியும்? மேல் மூடிக்குள்ள இருக்கிற ரப்பர் எண்டா சின்ன வேலை. பின்பக்கத்தால எண்டா எஞ்சின் இறக்கோணும், அதுக்கு வித்திடலாம்” என்றிருந்தான். ஊத்தை போனால் தெரியும்தானே என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். துப்புரவான எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டால் புது எண்ணெய் எந்த வழியால் வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். மேலால் என்றால் கார் நிற்கும். பின்னால் என்றால், சரி, போகட்டும்.

மதியம் போல வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு ஜெயரூபி வந்து நின்றாள். அவளுடைய மகளோடு நான்கு பெட்டைகள் புதுக்குடியிருப்புக்கு ரியூசன் போகிறவர்கள். வகுப்பு விட்டால் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இருட்டில் சந்தியில் நிற்கவேண்டும்.

“அக்கா, விக்கப் போறியளாம் எண்டு கேள்வி?”

“ஆர் சொன்னது?”

“ஊரே சொல்லுது. நாங்கள் இஞ்ச, நீங்கள் கூட்டிக்கொண்டு போவியள் எண்டு பெட்டையளுக்குச் சொல்லிப்போட்டு இருக்கிறம். ஆம்பிளை டிரைவர் எண்டா இவர் விடமாட்டார். நீங்கள் காரை வித்துப்போட்டு எங்களைத் தோளில சுமக்கப் போறியளோ?”

“உன்னைச் சுமக்க லொறிதான் வேணும்.”

“கதையை மாத்தாதேங்கோ அக்கா.”

“நாளைக்குச் சொல்லுறன், போ” என்றாள் சுகந்தினி. தலை நிமிரவில்லை.

பொழுது சாயும்போது எஞ்சின் வேறொன்றாய்த் தெரிந்தது. எங்கே என்ன எழுத்து வார்க்கப்பட்டிருக்கிறது என்றுகூட வாசிக்கலாம். பிளக் வயர்கள், அவை வந்து சேரும் மூடி, டைனமோ, காற்று போகும் வாய் எல்லாவற்றையும் சொப்பிங் பையால் கட்டி மூடிவிட்டு, சவர்க்காரத் தண்ணீரில் துணியைப் பிழிந்து கடைசியாக ஒருமுறை துடைத்தாள். வாளியால் ஊற்றக்கூடாது. பிளக் குழிக்குள் தண்ணீர் நின்றால் எஞ்சின் பிடிக்காது. பனி விழும் என்று பைகளை அப்படியே விட்டாள். காலையில் கழற்றி, ஸ்ராட் பண்ணிப் பார்ப்பதாக எண்ணம்.

காலையில் குசினிக்குள் பிட்டுக்கு மாக் குழைத்துக் கொண்டிருந்தவளுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கிணற்றடிச் சத்தம் அல்ல, இரும்பில் விழும் சத்தம். மாக்கையோடு ஓடினாள்.

ஜனகன் வெறும் வாளியோடு நின்றான். எஞ்சினின் நடுவால் தண்ணீர் வழிந்து மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்குகளை மூடியிருந்த பைகளைக் காணவில்லை.

“ஐயோ, என்ன வேலை பாத்திருக்கிறியள்!”

“சவர்க்காரம் வெள்ளையாப் படிஞ்சு கிடந்தது. அலம்பி விட்டனான்.”

“கலியாணத்துக்கு முதலே ட்ரக்டர் ஓடின ஆள் நீங்கள்! எஞ்சினுக்கு வாளியால ஊத்திறதோ? மூளையைக் கழட்டி அலுமாரிக்குள்ள வைச்சிட்டோ வந்தனீங்கள்?”

அவன் வாளியைக் கவிழ்த்து வைத்தான். அவள் துணி எடுக்கத் திரும்பும் முன்பே படலையடியில் வான் ஒன்று வந்து நின்றது.

சின்னராசாவும், கார் பார்க்க வந்த கிருசாந்தனும் இறங்கினார்கள். கிருசாந்தன் வவுனியாவில் கார் வாடகைக்கு விடுகிறவன், முப்பது வயது இருக்கும். நேரே பொனற்றுக்குள் தலையை விட்டான்.

“என்ன அண்ணை, கலியாணப் பொம்பிளை மாதிரி மினுங்குது?”

“துப்புரவான ஆக்கள் தம்பி” என்றார் சின்னராசா பெருமையாக. “ஸ்ராட் பண்ணு ஜனகன்.”

ஜனகன் காருக்குள் ஏறித் திறப்பைத் திருப்பினான். எஞ்சின் இருமியது. பிடிக்கவில்லை. இன்னொரு முறை. இருமல்தான். சின்னராசா குனிந்து பார்த்தார். விரலை விட்டு எடுத்தார், விரல் சொட்டியது.

“ஆரடா வாளியால ஊத்தினது?”

சுகந்தினி வாயைத் திறக்கும் முன்பு ஜனகன் சொன்னான். “நான்தான் அத்தான். துப்புரவா இருக்கட்டுமெண்டு.”

“உனக்கென்ன விசரே? சின்னப் பிள்ளைக்கும் தெரியுமேடா!” அவர் கிருசாந்தன் பக்கம் திரும்பினார். “அது ஒண்டுமில்லைத் தம்பி. வெயிலில காய்ஞ்சா உடன பிடிக்கும்.”

“பிடிக்கும் அண்ணை, இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா எங்கால ஒழுகுதெண்டு இதைப் பாத்து நான் என்னத்தைச் சொல்ல? ஊத்தையோட இருந்திருந்தா ஈரம் எங்க, காய்ஞ்சது எங்க எண்டு நானே பாத்திருப்பன். விக்கிறதுக்கு முதல் நாள் கழுவின எஞ்சினை நான் வாங்கிறேல்ல. ஒருக்கா ஏமாந்திட்டன்.”

“கழுவச் சொன்னதே நான்தான் தம்பி!”

“அப்ப சரி” என்றான் கிருசாந்தன் மரியாதையாக. தேத்தண்ணியைக் குடித்தான், அக்கா நல்ல தேத்தண்ணி என்றான், வானில் போய் ஏறிக்கொண்டான்.

சின்னராசா படலைவரை போய்த் திரும்பினார். மச்சானை மேலும் கீழும் பார்த்தார். “இனி இந்தக் கார்க் கதைக்கு என்னைக் கூப்பிடாதே. புருசனும் பெஞ்சாதியுமா வைச்சுக் கொண்டாடுங்கோ.” ஜனகன் தலையைக் குனிந்தபடி ஓம் அத்தான், ஓம் அத்தான் என்றுகொண்டு நின்றான். தடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

வான் போனதும் சுகந்தினி வேலையில் இறங்கினாள். பிளக்குகளைக் கழற்றி வெயிலில் பரப்பினாள். குழிகளுக்குள் துணியைத் திரித்து விட்டு ஈரத்தை எடுத்தாள், சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். அப்போதுதான் அந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. நனைந்தால் காய்ந்துவிடும் இடங்களில்தான் பைகள் இல்லை. நனைந்தால் பழுதாகும் டைனமோவிலும், எஞ்சினுக்குள் காற்று போகும் வாயிலும் பைகள் அப்படியே இருந்தன. அதுவும் அவள் கட்டிய சுருக்கு அல்ல. ஜனகன் மூட்டை கட்டும்போது போடுகிற இறுக்கமான இரட்டை முடிச்சு. அவற்றை அவிழ்க்க அவளுக்குப் பல்லால் இழுக்க வேண்டியிருந்தது.

பின்னேரம் எஞ்சின் பிடித்தது. முதலில் திக்கி, பிறகு சீராக ஓடியது. அவள் ரோச் லைற்றோடு குனிந்து, மேலே இருந்து தொடங்கி ஓரிடம் ஓரிடமாகப் பார்த்துக்கொண்டே போனாள். பின்பக்கம் காய்ந்து கிடந்தது. அடியில் ஒன்றுமில்லை. மறுபடி மேலே வந்தபோது, மேல் மூடியின் ஓரத்தில் தலைமயிர் தடிப்பில் ஒரு கோடு பளபளத்தது. விரலால் துடைத்தாள். பார்த்துக்கொண்டிருக்க, அதே இடத்தில் மறுபடி ஊறியது.

கராஜ்காரனுக்குப் போன் எடுத்தாள்.

“மேல் மூடியாலதான் வருது தம்பி. கண்ணால கண்டனான்.”

“அப்ப ரப்பர்தான் அக்கா. நாளைக்குக் கொண்டுவாங்கோ, பின்னேரத்துக்குள்ள முடிச்சுத் தாறன்.”

வேலியடியில் ஜெயரூபியின் தலை ஏற்கெனவே தெரிந்தது.

“எல்லாம் கேட்டுது அக்கா. அப்ப எப்ப இருந்து?”

“முதல்ல ரப்பரை மாத்தோணும். செவ்வாய்க்கிழமை பெட்டையளை வெளிக்கிட்டு நிக்கச் சொல்லு. பிந்தினா விட்டிட்டுப் போயிடுவன்.”

“அதைப் பாப்பம்” என்று ஜெயரூபி உள்ளே ஓடினாள். அந்த வீட்டுக்குள் பெட்டைகளின் கூச்சல் எழுந்தது.

சுகந்தினி கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். நகக்கண் கறுப்பு போகவில்லை. உள்ளே போனாள். ஜனகன் ஹோலில் கதிரையில் இருந்து, காலையில் அவித்து ஆறிப்போன பிட்டைச் சம்பலோடு சாப்பிட்டுக் கொண்டிருந்தான். அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

“ரப்பர்தானாம்.”

“கேட்டுது. நல்லம்.”

“அக்கா புருசன் கோவிச்சுக்கொண்டு போட்டார்.”

“ரெண்டு கிழமையில வருவார். அக்கா விடமாட்டா.”

அவன் முகத்தில் எதையும் பிடிக்க முடியவில்லை. இன்று முழுக்க வசவு வாங்கிய மனிதன், கடைசிப் பிட்டுத் துகளையும் விரலால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தான்.

“இஞ்சேருங்கோ, ஒண்டு கேக்கிறன். அவருக்கு வாயால இல்லையெண்டு சொல்ல ஏலாமத்தானே அந்தத் தண்ணியை ஊத்தினீங்கள்?”

ஜனகன் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினான். அவளைக் கடக்கும்போது வழி விடச்சொல்லித் தோளைத் தொட்டான். அவள் விலகினாள். அவன் பின்கதவால் இறங்கிக் கிணற்றடிக்குப் போனான்.