ஒரே இலக்கத்தில் இரண்டு பெட்டி

ஏறாவூரில் முப்லிஹாவிடம் முட்டை கொடுத்தால் குஞ்சாகத் திரும்பி வரும். முட்டை பொரிக்கும் மின்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு எட்டு வருடமாகக் குடும்பத்தை ஓட்டுகிறவள். வாய் பொல்லாதது. ஆனால் அந்த வாயில் பொய் வராது.

அன்று பெட்டிக்குள் பக்கத்து வீட்டு ஸகியாவின் முப்பத்திரண்டு முட்டைகள். இருபதாம் நாள், இருபத்தொன்றில் பொரிக்கும். ஸகியாவின் கோழிகளெல்லாம் சீக்கில் செத்துவிட்டன, இவைதான் மிச்சம். காலையில் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சுச் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகுதான் தம்பி ஸியாம் இரண்டாவது பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினான். இரண்டுக்கும் ஒரே வயர், ஒரே கம்பியூட்டர் போர்ட். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சூடு பார்க்கும் சென்சர் ஒன்று, அதற்கொரு இலக்கம். போர்ட் அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேட்கும். அந்த இலக்கத்துச் சென்சர் தன் பெட்டியின் சூட்டைச் சொல்லும். சூடு குறைவென்றால் போர்ட் ஹீட்டரைப் போடும்.

போர்டின் திரையில் பெட்டிக்கு ஒரு வரி. இரண்டு வரியிலும் சூடு இருபத்தெட்டு.

"பழசும் ஏன்டா இறங்கிட்டு?"

"மூடியத் திறந்தமே ராத்தா. ஏறும். சும்மா நோண்டாதீங்க."

"ரெண்டும் ஒரே மாதிரிக் காட்டுதே, ரெட்டப் புள்ளையா?"

"அதுதான் என்ட வேல!" என்று சிரித்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தாள். இரண்டிலும் முப்பத்தாறு. முப்பத்தேழரைக்கு வந்தால்தான் ஹீட்டர் விளக்கு அணையும், அது அணையவேயில்லை. கீச்சுச் சத்தமும் இல்லை. பழைய பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு முட்டையைக் கண்ணிமையில் வைத்தாள். திரை வருவதற்கு முன் அப்படித்தான் சூடு பார்ப்பாள். இமை சுட்டது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸியாமைப் போனில் பிடித்தாள். விளக்கு அணையாததைச் சொன்னாள்.

"ராத்தா... கடையில வாங்கக்கொள்ள எல்லாச் சென்சரும் ஒண்டாம் இலக்கம்தான். புதுசுக்கு ரெண்டெண்டு மாத்தோணும். மறந்திட்டன். ரெண்டும் ஒண்டாப் பதில் சொல்லி, குழம்பி, கொறச்சிக் காட்டியிரிக்கி."

"ஒரு வீட்டில நிஸ்தார் எண்டு ரெண்டு பேர் இரிந்தாக் கூப்பிட ஏலாதெண்டு சின்னப் புள்ளைக்கும் தெரியும்டா. பெரிய எஞ்சினியர்!"

ஒவ்வொரு முட்டையாகக் காதில் வைத்தாள். ஒன்றும் அசையவில்லை. கடைசிக்கு முந்தியதில் மட்டும் மெல்லிய சுரண்டல்.

வாசலில் ஸகியாவின் குரல். "குஞ்சு கத்துதா புள்ள? கூடை கொண்டாந்திரிக்கன்."

ஒளிக்க முப்லிஹாவுக்கு வராது. "உள்ளுக்கு வா ஸகியா. என்ட பெட்டி உன்ட முட்டைய அவிச்சிட்டு. ஒண்டுதான் சுரண்டுது."

கூடையைக் கீழே வைத்துவிட்டு ஸகியா அந்த முட்டையை வாங்கிக் காதில் வைத்தாள். சுரண்டல் விட்டு விட்டுக் கேட்டது. ஒவ்வொரு முறையும் முந்தியதை விட நேரம் கழித்து.