நாற்பது நிமிட அட்டை

வலது கை பச்சிங்கோ சூதாட்ட இயந்திரத்தின் குமிழைத் திருகிப் பிடித்திருக்க, இடது கை அதன் கண்ணாடியைத் தட்டுகிறது. உள்ளே ஆணிகளுக்கு நடுவே கொட்டும் எஃகுக் குண்டுகளிடம், "இந்தப் பக்கம் உருளேன்டா, சோம்பேறி!" என்கிறாள் ஹிபினோ தத்சுகோ. நகோயாக்காரி, வயது அறுபத்தெட்டு. உடம்பில் கறுப்புத் துக்க கிமோனோ. பதினொரு மணிக்கு, மூன்று கடை தள்ளியிருக்கும் கோயிலில் கணவரின் நினைவுநாள் பூசை. பத்து மணிக்குப் பச்சிங்கோ கூடம் திறந்தபோது, "அஞ்சே நிமிஷம்" என்று நுழைந்தவள்.

யாராவது முகம் சுளித்தால் வரலாறு கைவசம் இருக்கிறது. "சண்டை முடிஞ்சு ஊரே சாம்பலாக் கிடந்தப்ப எங்கப்பா இதுல ஜெயிச்சுத்தான் வீட்டுக்கு சோப்பு கொண்டாந்தாரு. அப்பல்லாம் ஒவ்வொரு குண்டையும் கட்டை விரலால தட்டணும். இப்ப மிஷினே துப்புது. சோம்பேறிங்களுக்குன்னே செஞ்ச சொர்க்கம்!"

அப்படி என்ன சுகம் என்று கேட்டால், "அவர் போனப்புறம் வீட்ல ஒரே அமைதி. அமைதிய வெச்சு நான் என்ன பண்றது?" என்பாள்.

பத்து ஐம்பதுக்கு, இயந்திரத்தின் நடுத்திரையில் சுழன்ற மூன்று எண்களும் ஒன்றேபோல் வந்து நின்றன. இயந்திரம் அலறியது. இனி அதன் முன் உட்கார்ந்திருப்பவருக்குக் குண்டுமழை; குண்டு சேரச் சேரப் பரிசு. எழுந்துபோனால் மழை அடுத்தவருக்கு. பின்னால் மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் ஏற்கெனவே பாசத்தோடு வந்து நின்றிருந்தார்.

"சவாக்கி! சாப்பாட்டு அட்டைய மாட்டு."

சாப்பிடப் போகிறவருக்கு இடம் பிடித்துவைக்கும் அந்த அட்டையோடு வந்த பணியாளன் கிமோனோவை ஏற இறங்கப் பார்த்தான். "இந்தத் துணியிலயா சாப்பிடப் போறீங்கம்மா? நாப்பது நிமிஷந்தான். பதினொன்னரை தாண்டினா அவருக்குக் குடுத்துடுவேன்."

கோயிலில் கடைசி வரிசை, வாசற்படி ஓரம் அவள் இடம். துறவி கென்யூ ஒரு மந்திரத்தை மாடு அசைபோடுவதுபோல் ஓதக்கூடியவர். கொழுந்தன் கான்ஜி பல்லைக் கடித்தான்.

"அண்ணி, கடிகாரத்தையே பாக்குறீங்க. இது அண்ணனோட பூசை."

"உங்கண்ணன் இருந்தா என்னை இங்க உக்கார விடுவாரா தம்பி? சூடான மிஷினை விட்டுட்டு வந்தியாடின்னு இந்நேரம் விரட்டியிருப்பாரு."

"எல்லாரும் பாக்குறாங்க!"

"அவங்களுக்கும் பசிக்குது போல."

பதினொன்று இருபத்தாறு. துறவி கண்ணைத் திறந்து, தண்ணீர் குடித்து, அடுத்த மந்திரத்துக்கு மூச்சை இழுத்தார்.

தத்சுகோ கணவரின் படத்தை நோக்கித் தலை குனிந்தாள். கூப்பிய கை கூப்பியபடியே இருக்க, வெள்ளைக் காலுறைக் கால் ஒன்று மட்டும் பின்னால் நீண்டு, படியில் செருப்பைத் துழாவியது.